‘சூப்பர்’ என்றால் எது சூப்பர்?
படம் எடுப்பவர்களுக்கான கேள்வி பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கேமராவைப் பற்றியவை அல்ல. படத்தைக் குழுவில் போட்ட பிறகு வந்த பேச்சைப் பற்றியவை. அவற்றுக்கே முதலிடம் கொடுத்திருக்கிறோம்.

கேள்வி: வாட்ஸ்அப் குழுவில் வாரம் இரண்டு மூன்று தடவை படம் போடுகிறேன். கட்டைவிரல் வருகிறது, பூங்கொத்து வருகிறது, ‘சூப்பர் அக்கா’ வருகிறது. ஆறு மாதமாகியும் என் படத்தில் எது சரி, எது தவறு என்று ஒருவரும் சொல்லவில்லை. எப்படிக் கேட்பது?
– வாசகி, ஈசூன்

பதில்: வெறும் படத்தைப் போட்டால் பார்ப்பவருக்கு இரண்டே வழிதான்: பாராட்டுவது, இல்லையென்றால் பேசாமல் இருப்பது. குறை சொன்னால் நீங்கள் வருத்தப்படுவீர்களா என்பது அவருக்குத் தெரியாது. ‘எப்படி இருக்கு?’ என்று கேட்டாலும் ‘நல்லா இருக்கு’ என்பதைத் தவிர வேறு பதில் வராது.

படத்தோடு மூன்று வரி எழுதுங்கள். எதைக் காட்ட நினைத்தீர்கள் என்பது ஒரு வரி, எடுத்த விவரம் (லென்ஸ், அதன் துளையளவைச் சொல்லும் எஃப் எண், ஷட்டர் நேரம், ஒளியுணர்திறனைச் சொல்லும் ஐஎஸ்ஓ) ஒரு வரி, கேள்வி ஒன்றே ஒன்று. சிராங்கூன் சாலையில் பூக்கட்டுபவரை எடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்:

“விரல்களின் வேகம் தெரியவேண்டும் என்று எடுத்தேன். 35 மி.மீ. லென்ஸ், எஃப்/4, 1/30 விநாடி, ஐஎஸ்ஓ 800. விரல் கலங்கியிருப்பது வேகமாகத் தெரிகிறதா, என் கை நடுங்கியதுபோல் தெரிகிறதா?”

இதற்குக் கட்டைவிரலைக் காட்டிவிட்டு நழுவ முடியாது. விவரம் தெரிந்தவர் படத்தைப் பெரிதாக்கி முதலில் பூக்கூடையின் விளிம்பைப் பார்ப்பார். கூடை கூர்மையாக இருந்து விரல் மட்டும் கலங்கியிருந்தால் அது வேகம். கூடையும் சேர்ந்து கலங்கியிருந்தால் கை நடுக்கம். நடுக்கம்தான் என்றால் முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, மூச்சை விட்டபடி, தொடர்ச்சியாக ஐந்தாறு படம் எடுக்கவேண்டும். அதில் ஒன்றாவது தேறும். இப்படி ஒரு பதில் வந்தால் அடுத்த முறை பூக்கடைக்குப் போகும்போது கையில் ஏதோ ஒன்று இருக்கும்.

வெட்டாத மூலப் படத்தையும் கூடவே வையுங்கள். பல நேரம் குறை எடுத்த விதத்தில் இருப்பதில்லை, வெட்டிய விதத்தில்தான் இருக்கும். மூலம் இல்லாமல் அதைக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு நாளைக்கு ஒரு படம் போதும். ஏழு படத்தை ஒன்றாகக் கொட்டினால் எவரும் எதையும் பார்க்கமாட்டார்கள். அப்படியும் ‘சூப்பர்’ என்று மட்டும் வந்தால் விடாதீர்கள்: ‘நன்றி தம்பி, முதலில் கண் எங்கே போச்சு?’ என்று திருப்பிக் கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் படக்கலை தெரியாதவரும் பதில் சொல்லிவிடுவார். நீங்கள் முகத்துக்காக எடுத்த படத்தில் அவர் பின்னாலிருந்த சிவப்பு வாளியைச் சொன்னால், விஷயம் புரிந்துவிடும்.

கேள்வி: நான் வேலையிலிருந்து ஓய்வுபெற்றவன், படம் எடுப்பதில் பழக்கம் உண்டு. குழுவில் இளையவர்கள் என்னிடம் கருத்து கேட்கிறார்கள். உள்ளதைச் சொன்னால் மனம் நொந்துவிடுகிறார்கள், மழுப்பினால் எனக்கே உறுத்துகிறது. போன வாரம் ஒரு தம்பி பிடோக் படகுத்துறையில் எடுத்த காலை வானத்தைப் போட்டார். எடிட்டிங் அளவுமீறிப் போயிருந்தது. எப்படிச் சொல்லியிருக்கவேண்டும்?
– வாசகர், தோ பாயோ

பதில்: நீங்கள் அனுப்பிய அந்தப் படத்தை வைத்தே சொல்கிறோம். தூண்டில்காரர் ஒருவர் நிழலுருவாக நிற்கிறார், கோல் வளைந்திருக்கிறது, வானம் முழுக்க ஆரஞ்சு. ‘ஓவரா எடிட் பண்ணிட்டீங்க தம்பி, கொஞ்சம் குறைங்க’ என்பது உண்மைதான். ஆனால் எதை, எவ்வளவு குறைப்பது? அந்தத் தம்பிக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அப்படிப் போட்டிருக்கவே மாட்டார். மனம் நோவது குறை சொன்னதால் மட்டுமல்ல. சொன்னதை வைத்து ஒன்றும் செய்ய முடியவில்லையே என்பதாலும்தான்.

இப்படி எழுதிப் பாருங்கள்:

“தம்பி, கோல் முழுசா வளைந்த நொடியில் அழுத்தியிருக்கீங்க. அரை நொடி தவறியிருந்தால் அது வெறும் குச்சி. அவர் தலை பின்னாலிருக்கிற விளக்குக் கம்பத்தோடு ஒட்டிக்கொண்டது. இடது பக்கம் ஓரடி நகர்ந்திருந்தால் பிரிந்திருக்கும். வானத்தில் சூரியனைச் சுற்றிப் பட்டை பட்டையாகத் தெரியுது பாருங்க, அது சாச்சுரேஷனால் (நிற அடர்த்தி) வந்தது. +70-ஐ +15-க்குக் கொண்டுவந்து ஹிஸ்டோகிராமில் (ஒளியளவைக் காட்டும் வரைபடம்) சிவப்புக் கோடு வலது சுவரில் முட்டுதா என்று பாருங்க.”

இதில் மூன்று இருக்கின்றன. முதலாவது, அவர் சரியாகச் செய்த ஒன்று, அது எதனால் சரி என்பதோடு. பாராட்டு அப்படி இருந்தால்தான் மறுபடி செய்ய முடியும்; ‘அருமையான படம்’ என்ற பாராட்டை வைத்து எதையும் திரும்பச் செய்ய முடியாது. இரண்டாவது, அடுத்த முறை அங்கே போனால் திருத்திக்கொள்ளக்கூடியது. மூன்றாவது, இன்றிரவே மேசையில் உட்கார்ந்து திருத்தக்கூடியது. இவற்றைப் பிரித்துச் சொல்லுங்கள். படம் எடுத்து முடித்த பிறகு ‘இடப்பக்கம் நகர்ந்திருக்கலாம்’ என்பதை மட்டும் சொன்னால் கையைப் பிசைந்துகொண்டு உட்காருவதைத் தவிர அவருக்கு வழியில்லை.

பட்டை ஏன் வருகிறது என்பதையும் ஒரு வரி சொல்லிவிடலாம். ஜேபெக் கோப்பில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 படிகள்தான். காலை வானத்தில் சிவப்பு ஏற்கெனவே உச்சிக்குப் பக்கத்தில் நிற்கும். அதை மேலும் இழுத்தால் முட்டி நிற்கும். மெல்ல மாறவேண்டிய நிறம் படிக்கட்டாகிவிடும். கேமரா பதிவு செய்ததை அப்படியே வைக்கும் ரா கோப்பில் எடுத்தால் இழுக்க இடம் கூடுதல், ஆனால் அதற்கும் எல்லை உண்டு.

ஒரே படத்துக்கு ஒன்பது குறை கண்ணில் பட்டாலும் இரண்டுக்கு மேல் சொல்லவேண்டாம். தொழில்நுட்பக் குறையைப் பொதுவில் சொல்லலாம், மற்றவர்களுக்கும் பயன்படும். ரசனை பற்றிய கருத்தைத் தனிச் செய்தியில் சொல்வது நல்லது. நீங்கள் மூத்தவர், நீங்கள் பொதுவில் ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்றால் அதன் பிறகு வேறு எவரும் அந்தப் படத்தைப் பற்றி வாய் திறக்கமாட்டார்கள்.

கேள்வி: என் அம்மாவை வெள்ளைச் சேலையில், வீட்டுச் சுவர் முன்னால் எடுத்துப் போட்டேன். நான்கு பேர் ‘முகம் இருட்டா இருக்கு, வெளிச்சமாக்குங்க’ என்றார்கள். ஒருவர் அவரே எடிட் செய்து அனுப்பினார். அதில் அம்மாவை எனக்கே அடையாளம் தெரியவில்லை. யார் சொல்வது சரி?
– வாசகர், சுவா சூ காங்

பதில்: முகத்தை விட்டுவிட்டுச் சேலையைப் பாருங்கள். சேலை வெள்ளையாக இருக்கிறதா, சாம்பலாக இருக்கிறதா? எடிட்டிங் செயலியில் சேலையின் மீது குறியை வைத்தால் 0 (கறுப்பு) முதல் 255 (வெள்ளை) வரையிலான எண்கள் தெரியும். 225 முதல் 240 வரை இருந்து நெசவும் மடிப்பும் தெரிந்தால் ஒளியளவு சரி. முகம் அப்படித் தெரிவது அம்மாவின் நிறம். அந்த நால்வரும் குறை என்று நினைத்தது குறையே அல்ல. சேலை 160, 170 என்று காட்டினால் படம் உண்மையிலேயே ஒளி குறைந்து எடுக்கப்பட்டது.

உங்கள் படத்தில் இரண்டாவதுதான் நடந்திருக்கிறது. கேமரா எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளைச் சுவர், வெள்ளைச் சேலை என்று காட்சி முழுக்க வெள்ளையாக இருந்ததால் ‘வெளிச்சம் அதிகம்’ என்று எண்ணி அது குறைத்துவிட்டது. கேமரா கணித்த ஒளியளவைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +0.7 முதல் +1.3 வரை ஏற்றியிருந்தால் போதும். அரங்கேற்ற மேடையில் கறுப்புத் திரைக்கு முன்னால் இதற்கு நேர்மாறு: கேமரா ஒளியைக் கூட்டி, முகத்தை வெளிறடித்து, நெற்றிச்சுட்டியை வெறும் வெள்ளைப் புள்ளியாக்கும். அங்கே –0.7 முதல் –1 வரை இறக்கவேண்டும்.

ஆகவே அவர்கள் ஏதோ குறை இருக்கிறது என்று கண்டது சரி. முகத்தை மட்டும் வெளுக்கச் சொன்னது தவறு. உங்களுக்கு வந்த எடிட்டில் ஆரஞ்சு நிறத்தின் லூமினன்ஸை (வெளிச்ச அளவு) மட்டும் ஏற்றியிருக்கிறார்கள். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் அது சாம்பல் பூசியதுபோல் ஆக்கும். உதட்டின் நிறமும் போய்விடும். மாறாக, முழுப் படத்தின் எக்ஸ்போஷரையும் சேலை 235 வரும்வரை ஏற்றுங்கள். பிறகு நிறச்சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸ். வீட்டு விளக்கின் பச்சைச் சாயல் இருந்தால் டின்ட்டை மஜெந்தா பக்கம் 5 முதல் 10 வரை தள்ளுங்கள். படம் நீலம் பாய்ந்திருந்தால் கறுத்த தோல் உயிரற்றுத் தெரியும். சற்று வெதுவெதுப்பான பக்கமே இருக்கட்டும். இவ்வளவுக்குப் பிறகும் முகம் போதவில்லை என்றால் செயலியில் முகப் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து (மாஸ்க்) எக்ஸ்போஷரை +0.3 ஏற்றுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

அடுத்த முறை எடுக்கும்போது கைப்பேசியின் ‘பியூட்டி’ வசதியை அணைத்துவிடுங்கள். கறுத்த தோலில் கன்னமும் மூக்கும் வடிவம் பெறுவது பளபளப்பால்தான். சன்னல் பக்கவாட்டில் இருக்கும்படி, மெல்லிய திரையை இழுத்துவிட்டு, அம்மாவைச் சன்னலிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி உட்காரவையுங்கள். மறுபக்கம் ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்தால் நிழல் பக்கமும் திறந்துகொள்ளும். தலைக்கு மேலே எரியும் கூடத்து விளக்கை அணைக்க மறக்காதீர்கள். அது கண்ணுக்குக் கீழே குழி விழவைக்கும்.

இந்த வெளுக்கும் பழக்கம் கைப்பேசியோடு வந்ததல்ல. ஃபிலிம் காலத்தில் பிரிண்ட் கடைகளுக்கு நிறத்தைச் சரிபார்க்கக் கோடாக் நிறுவனம் கொடுத்த ‘ஷெர்லி’ அட்டைகளில் நெடுங்காலம் வெள்ளைக்காரப் பெண்களின் படம்தான் இருந்தது. மற்றவர்களின் தோல் அந்த அளவுகோலில் எப்படி விழுந்ததோ அப்படித்தான் அச்சானது.

கேள்வி: தீபாவளி ஒளியூட்டில் எடுத்த படங்களில் முகத்தின் மேல் குறுக்கே கறுப்புக் கோடுகள். ‘ஐஎஸ்ஓவைக் குறை’, ‘கேமரா பழுது’ என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
– வாசகி, பொங்கோல்

பதில்: இரண்டும் இல்லை. சிங்கப்பூரில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் ஓடும் மலிவான எல்இடி விளக்குகள் விநாடிக்கு 100 முறை கூடிக் குறையும், கண்ணுக்குத் தெரியாது. கேமராவின் ஓசையற்ற எலக்ட்ரானிக் ஷட்டர் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. ஷட்டர் வேகம் 1/250, 1/500 என்று இருந்தால் சில வரிகள் விளக்கு பிரகாசமாக இருந்த நொடியிலும், சில வரிகள் மங்கிய நொடியிலும் பதிவாகும். அதுதான் கோடு.

ஓசையற்ற ஷட்டரை அணைத்து மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள். ஷட்டர் வேகத்தை 1/100 அல்லது 1/50-இல் வையுங்கள்; ஒவ்வொரு வரிக்கும் முழுச் சுற்று வெளிச்சம் கிடைத்துவிடும். கைப்பேசியில் ‘புரோ’ முறையில் இதே எண்கள். நின்று பேசுபவர்களுக்கு 1/100 போதும், நடப்பவர்கள் லேசாகக் கலங்குவார்கள். பெரிய எல்இடி திரைகள் வேறு வேகத்தில் துடிப்பவை. அவற்றுக்கு முன்னால் 1/30 வரை இறங்கிப் பாருங்கள், அல்லது அந்தத் திரை படத்தில் வராதபடி திரும்பி நில்லுங்கள். எடுத்த படத்தில் கோட்டை அழிப்பது வெட்டி வேலை.

கேள்வி: யூடியூபில் ‘கோல்டன் ஹவர்’ (சூரியன் தாழ்ந்திருக்கும்போது வரும் பொன்னொளி நேரம்) ஒரு மணி நேரம் என்கிறார்கள். இங்கே அப்படிக் கிடைப்பதே இல்லை. நான் எதைத் தவறவிடுகிறேன்?
– மாணவர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: நீங்கள் ஒன்றையும் தவறவிடவில்லை தம்பி. சொன்னவர் ஐரோப்பாவில் நின்று சொல்கிறார். நாம் நிலநடுக்கோட்டுக்கு 137 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறோம். இங்கே சூரியன் சாய்ந்து இறங்குவதில்லை, கிணற்றில் வாளி இறங்குவதுபோல் நேராக இறங்கும்: மணிக்கு ஏறத்தாழ 15 பாகை. அடிவானத்துக்கு மேல் 6 பாகையிலிருந்து மறையும்வரை அரை மணி நேரத்துக்கும் குறைவு. மறைந்த பிறகு நீல வானம் சுமார் 20 நிமிடம். ஆண்டு முழுக்கச் சூரியன் மறைவது மாலை 6.50-க்கும் 7.20-க்கும் இடையில்தான்.

மரினா பேயில் நீல வானத்தோடு கட்டட விளக்குகள் வேண்டுமென்றால் 6.30-க்கே கேமரா முக்காலியை (டிரைபாட்) நட்டுவிடுங்கள். ஐஎஸ்ஓ 100, எஃப்/8. சூரியன் மறைந்து பத்து நிமிடத்தில் 1 விநாடி போதும். அதன்பின் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை நேரத்தை இரட்டிப்பாக்கிக்கொண்டே போனால் இருபதாவது நிமிடத்தில் 8 விநாடியில் நிற்பீர்கள். கரையோரப் பூந்தோட்டங்களின் 7.45 மணி ஒளிக்காட்சியை நம்பி வந்தால் அதற்குள் வானம் கறுத்துவிடும்.

மற்ற நாட்டு ஆலோசனைகளை எடுக்கும்போது இந்த ஒன்றைக் கேளுங்கள்: சொல்பவர் எந்த வானத்துக்குக் கீழே நிற்கிறார்?

கேள்வி: வீட்டில் பளிச்சென்று இருக்கும் படம் குழுவில் போட்டதும் மங்கிப்போகிறதே?
– வாசகர், செங்காங்

பதில்: நிறம் மங்கினால் கோப்பு அடோபி ஆர்ஜிபி என்ற நிற அமைப்பில் இருக்கிறது, ஏற்றுமதி செய்யும்போது பொதுவான எஸ்ஆர்ஜிபி அமைப்புக்கு மாற்றுங்கள். கூர்மை போனால் செயலி சுருக்கிவிட்டது. நீளப் பக்கம் 2048 பிக்சல், ஜேபெக் தரம் 80–85 என்று நீங்களே சுருக்கி அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் ‘டாக்குமென்ட்’டாக அனுப்பினால் கை வைக்காது. ஆனால் அப்படி அனுப்பும்போது எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் விவரமும் கூடவே போகும். வீட்டில் எடுத்த குழந்தைப் படங்களுக்கு அதை முதலில் நீக்கிவிடுங்கள்.

கேள்வி: லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க அரிசி டப்பாவுக்குள் வைக்கும்படி குழுவில் ஒருவர் சொன்னார். பலரும் ஆமாம் போட்டார்கள். செய்யலாமா?
– வாசகி, தெம்பனிஸ்

பதில்: வேண்டாம். நல்லெண்ணத்தோடு பரவும் தவறான யோசனைகளில் இது முதன்மையானது. இங்கே அதிகாலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத மதியத்தில்தான் 60-க்குப் பக்கத்தில் வரும். பூஞ்சை 60-க்கு மேல் தைரியமாக வளரும். கடையில் வாங்கும் அரிசியிலேயே 13, 14 விழுக்காடு ஈரம் இருக்கிறது. அதை மூடிய டப்பாவில் வைத்தால் உள்ளே இருக்கும் காற்று 60–70 விழுக்காட்டில் வந்து நிற்கும். அதாவது பூஞ்சைக்குப் பிடித்த இடத்தில். போதாக்குறைக்குத் தவிட்டுத் தூசி ஃபோகஸ் வளையத்துக்குள் போகும்.

காற்றுப் புகாத 10 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டி, 200 கிராம் சிலிக்கா ஜெல், ஒரு சிறிய ஈரமானி. இவ்வளவு போதும். முள் 40-க்கும் 50-க்கும் இடையில் நிற்கட்டும். 30-க்குக் கீழே போகவிடாதீர்கள், ரப்பர் வறண்டுவிடும். ஆரஞ்சு ஜெல் பச்சையானதும் ஓவனில் 110–120 பாகை செல்சியஸில் இரண்டு மணி நேரம் காயவைத்து மறுபடி பயன்படுத்தலாம். நீல நிற ஜெல்லில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது. அதைச் சமையலறைப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். மூன்று லென்ஸுக்கு மேல் சேர்ந்துவிட்டால் 30 லிட்டர் ‘டிரை கேபினெட்’ (ஈரத்தைக் கட்டுப்படுத்தும் மின்பெட்டி) வாங்கிவிடுங்கள், மின்செலவு மிகக் குறைவு.

குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸில் பனி படர்கிறதல்லவா, அதுவும் ஈரம்தான். கிளம்பும் முன் கேமராவை ஸிப் பைக்குள் போட்டு மூடி, வெளியே வந்து 20–30 நிமிடம் கழித்துத் திறந்தால் பனி பைக்கு மேல் படியும். துணியால் திரும்பத் திரும்பத் துடைப்பதில் பயனில்லை. கண்ணாடி சூடேறும்வரை அது வந்துகொண்டேதான் இருக்கும்.

‘வெயிலில் காயவை’ என்பார்கள். பூஞ்சை சாகலாம், அதன் நூல் உள்ளேயே இருக்கும். வெயிலில் வைத்த லென்ஸ் பூதக்கண்ணாடியாகி எதையாவது பொசுக்கவும் கூடும்.

கேள்வி: குழுவின் மாதப் போட்டியில் ஓராண்டாக என் படம் ஒன்றும் தேறவில்லை. விட்டுவிடலாமா?
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: போட்டியைச் சில மாதம் விடலாம், படமெடுப்பதை ஏன் விடவேண்டும்? அனுப்பிய பன்னிரண்டையும் 4ஆர் அளவில் பிரிண்ட் போட்டுத் தரையில் பரப்புங்கள். திரையில் ஒவ்வொன்றாகப் பார்க்கும்போது தெரியாதது வரிசையாகக் கிடக்கும்போது தெரியும். எங்களுக்கும் நீங்கள் அனுப்பிய அந்தப் பன்னிரண்டில் ஒன்பது, நின்ற நிலையில் கண் உயரத்திலிருந்து, ஏறக்குறைய ஒரே தொலைவில் எடுத்தவை. ஆள் படத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு மாதம், எடுக்கும் ஒவ்வொரு காட்சிக்கும் இரண்டாவது படத்தை இரண்டு அடி முன்னால் போய் எடுங்கள், மூன்றாவதை உட்கார்ந்து எடுங்கள். மாத முடிவில் இரண்டாவதும் மூன்றாவதும் எத்தனை முறை முதலாவதை வென்றன என்று எண்ணிப் பாருங்கள்.

ஈரச்சந்தையில் மீன் வெட்டுபவரின் படம் மட்டும் வேறு ரகம். கத்தி, கை, செதில் தவிர வேறொன்றும் இல்லாமல் எடுத்திருக்கிறீர்கள். அன்று என்ன செய்தீர்கள் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். அதையே இன்னும் நான்கு கடையில் செய்யுங்கள்.

கேள்வி: தைப்பூசத்தில் காவடிப் படம் எடுத்துப் பொதுவில் போடுவது பற்றி? எப்படி எடுப்பது என்றும் சொல்லுங்கள்.
– வாசகி, அங் மோ கியோ

பதில்: ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில்வரை நடக்கிறவர் நேர்த்திக்கடன் செலுத்துகிறார். அலகு குத்தும்போது முகத்துக்கு நேரே ஃபிளாஷ் அடிக்கவே கூடாது. அவர் கண்ணை மூடி வேண்டிக்கொண்டிருப்பார், சுற்றிலும் குடும்பத்தார் நிற்பார்கள். பக்கத்தில் நிற்கும் அண்ணன் அல்லது அம்மாவிடம் கேமராவைத் தூக்கிக் காட்டி, தலையசைத்த பிறகு எடுங்கள். கோயில் தொண்டூழியர் நகரச் சொன்னால் உடனே நகர்ந்துவிடுங்கள்.

இரவில் எஃப்/2, 1/250, ஐஎஸ்ஓ 3200 என்று தொடங்கலாம். காவடியின் மயிற்பீலியும் முகமும் ஒன்றாகக் கூர்மை பெறாது. ஃபோகஸ் கண்ணில் நிற்கட்டும். எல்லாரும் அலகைத்தான் எடுக்கிறார்கள். காவடி எடுப்பவரின் காலுக்கு நீர் ஊற்றும் தங்கையை, நாற்காலியோடு பின்னாலேயே நடக்கும் நண்பனைப் பாருங்கள். அங்கேதான் படம் இருக்கிறது.

அருள் வந்த நிலையில் எடுத்த முகத்தை அவரோ வீட்டாரோ பார்க்கும் முன் பொதுவில் போடவேண்டாம் என்பது எங்கள் கருத்து. தொலைபேசி எண்ணை வாங்கி அதே வாரத்தில் படத்தை அனுப்பிவையுங்கள். அடுத்த ஆண்டு அவர்களே கூப்பிட்டு இடம் கொடுப்பார்கள்.

கேள்வி: பூங்காவில் ஆந்தைக் கூடு கண்டேன். எங்கே என்று எல்லாரும் கேட்கிறார்கள்.
– வாசகர், பாசிர் ரிஸ்

பதில்: குஞ்சு பறக்கும்வரை சொல்லாதீர்கள். முப்பது பேர் முக்காலியோடு வந்து நின்றால் தாய் இரை கொண்டுவரத் தயங்கும். பதிவு செய்த குரலை ஒலிக்கவிடுவது, ஃபிளாஷ் அடிப்பது இரண்டும் வேண்டாம். இரை போட்டு வரவழைப்பதோ சட்டப்படியே குற்றம்.

கேள்வி: உறவினர் ஒருவரின் கடைக்குத் தோசை, தோசைக்கல் எல்லாம் எடுத்துக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. இப்போது அதே படங்கள் வேறொரு கடையின் விளம்பரத்தில், என் பெயர் இல்லாமல். கேட்டால் ‘எடுக்கச் சொன்னவருக்குத்தான் உரிமை’ என்கிறார்கள்.
– வாசகர், பிடோக்

பதில்: அது பழைய கதை. 2021-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 21-இல் நடப்புக்கு வந்தது. அதன்பின், எடுக்கச் சொல்லி எடுத்த படமானாலும், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தாலொழிய உரிமை எடுத்தவருக்கே. சம்பளத்துக்கு, வேலையின் பகுதியாக எடுத்தால் மட்டும் முதலாளிக்கு. பொதுவில் பயன்படுத்தும்போது எடுத்தவர் பெயரைக் குறிப்பிடுவதும் இப்போது சட்டப்படியான கடமை.

முதலில் விளம்பரத்தைத் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மூல ரா கோப்பை அழிக்காமல் வையுங்கள், அதுவே சாட்சி. பிறகு உறவினருக்கு: “மாமா, உங்க கடைக்கு எடுத்த தோசைப் படம் வேறொரு கடை விளம்பரத்தில் வந்திருக்கு. உங்களுக்காகத்தான் கொடுத்தேன், மற்றவங்களுக்குக் கொடுக்கச் சம்மதிக்கலை. நீங்க கொடுத்தீங்களா, அவங்களே எடுத்தாங்களா?” இந்தப் பதில் தெரியாமல் அடுத்த கடையோடு மல்லுக்கட்டவேண்டாம். இனி இலவசமாக எடுத்துக் கொடுத்தாலும் எங்கே, எவ்வளவு காலம் பயன்படுத்தலாம் என்று இரண்டு வரி செய்தியாக அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் பழைய 50 மி.மீ. லென்ஸ் பார்த்து வைத்திருக்கிறேன். எதைச் சோதிக்கவேண்டும்?
– மாணவி, கிளமெண்டி

பதில்: கைவிளக்கைப் பின்பக்கமாக அடித்து முன்பக்கமாகச் சாய்வாகப் பாருங்கள். தூசி நாலைந்து இருந்தால் பரவாயில்லை. சிலந்தி வலைபோல் நூல் தெரிந்தால் பூஞ்சை, வைத்துவிட்டு வந்துவிடுங்கள். லென்ஸ் துளையைத் திறந்து மூடும் அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய்ப் பளபளப்பு இருக்கக்கூடாது. உங்கள் கேமராவை எடுத்துப்போய் மாட்டி, எஃப்/1.8-இல் கடையின் எதிர்ச் சுவரில் இருக்கும் எழுத்தை நடுவிலும் நான்கு மூலையிலும் எடுத்து, அங்கேயே பெரிதாக்கிப் பாருங்கள். மூலைகள் நான்கும் ஒரே அளவு மங்கலாக இருந்தால் அது லென்ஸின் இயல்பு. ஒரு பக்கம் மட்டும் மங்கலானால், சுவருக்கு நேராக நின்றீர்களா என்று பார்த்துவிட்டு மறுபடி எடுங்கள். அப்போதும் அதே பக்கம் மங்கினால் லென்ஸ் எப்போதோ கீழே விழுந்திருக்கும்.